உறைபதனமும் வளர்ப்புச் சூழலும் இரத்த ஸ்டெம் செல்களின் ஒட்டும் திறனை மாற்றும் விதம்: அளந்தறிய ஒரு முழுமையான வழிகாட்டி

உறைநிலையிலிருந்து மீட்ட இரத்த ஸ்டெம் செல்களை, செல்கள் பற்றிக்கொள்ளும் ஃபைப்ரோனெக்டின் என்னும் புரதம் பூசிய தட்டில் இட்டு, ஒரு மணி நேரம் கழித்துக் கழுவி, மிஞ்சியவற்றை எண்ணினால், புதிய செல்களைவிடக் குறைவான எண் கிடைப்பது பெரும்பாலும் நடக்கக்கூடியதே. அந்த எண்ணைப் பார்த்ததும் "உறையவைத்ததால் ஒட்டும் திறன் குறைந்தது" என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் அந்த ஒற்றை எண்ணுக்குள் மூன்று வேறுவேறு நிகழ்வுகள் ஒளிந்திருக்கின்றன. சில செல்கள் இறந்திருக்கலாம். உயிரோடுள்ள செல்களின் மேற்பரப்பிலிருந்து ஒட்டு மூலக்கூறுகள் உதிர்ந்திருக்கலாம். மூலக்கூறுகள் அப்படியே இருந்தும் அவை செயலற்ற வடிவில் மடங்கிக் கிடக்கலாம். முதலாவது இழப்பு திரும்ப வராது, இரண்டாவது சில மணி நேரத்தில் ஈடுசெய்யப்படும், மூன்றாவது சில நிமிடங்களிலேயே மாறக்கூடியது. இந்த மூன்றையும் பிரித்துக் காட்டும்படி சோதனையை எப்படி அமைப்பது என்பதே இந்த வழிகாட்டியின் பொருள்.

உறைந்த செல்கள் எலும்பு மஜ்ஜையைத் தேடிப் பிடித்துக்கொள்ளும் ஆற்றலை முற்றாக இழப்பதில்லை என்பது பழைய செய்தி. 1988இல் பாரிஸில் எலியான் குளூக்மன் குழுவினர் ஃபான்கோனி இரத்தசோகை கொண்ட ஒரு சிறுவனுக்குச் செய்த முதல் தொப்புள்கொடி இரத்த மாற்றில் பயன்பட்ட செல்கள், அமெரிக்காவில் ஹால் பிராக்ஸ்மேயரின் ஆய்வகத்தில் உறையவைக்கப்பட்டு அட்லாண்டிக்கைக் கடந்து வந்தவை. ஆகவே திறன் மிஞ்சுகிறதா என்பது இன்று கேள்வியல்ல. எவ்வளவு மிஞ்சுகிறது, எந்த மூலக்கூறு வழியாக, எத்தனை மணி நேரம் கழித்து என்பவையே கேள்விகள்.

முதலில் தெளிவாக்க வேண்டியது: எந்த ஒட்டுதலை அளக்கிறோம்?

இரத்த ஸ்டெம் செல்களை இனங்காட்டும் சிடி34 என்னும் அடையாளப் புரதத்தைக் கொண்ட செல்கள் இரத்தக் குழாயின் உட்சுவரில் ஒட்டுவது பல கட்டங்களாக நடக்கிறது. ஓடும் இரத்தத்தில் வரும் செல்லை முதலில் செலக்டின்கள் என்னும் ஒட்டுப் புரதங்கள் தடுத்து உருளச் செய்கின்றன. இதில் செல்லின் பக்கம் பிஎஸ்ஜிஎல்-1, சிடி44இன் சர்க்கரை ஏறிய ஒரு வடிவம், எல்-செலக்டின் ஆகியவை பங்கேற்க, குழாய்ச் சுவரின் பக்கம் இ-செலக்டினும் பி-செலக்டினும் நிற்கின்றன. பிறகு சுவரில் படிந்திருக்கும் சிஎக்ஸ்சிஎல்12 என்னும் கீமோகைன், அதாவது செல்களை ஈர்க்கும் சைகைப் புரதம், செல்லின் சிஎக்ஸ்சிஆர்4 ஏற்பியைத் தூண்டுகிறது. அந்தத் தூண்டுதலால் விஎல்ஏ-4, விஎல்ஏ-5, எல்எஃப்ஏ-1 ஆகிய இன்டக்ரின்கள், அதாவது செல்லின் மேற்பரப்பிலுள்ள பற்றுப் புரதங்கள், நிமிர்ந்து விரிந்து, முறையே விகேம்-1, ஃபைப்ரோனெக்டின், ஐகேம்-1 ஆகியவற்றை உறுதியாகப் பற்றுகின்றன. விஎல்ஏ-4 ஃபைப்ரோனெக்டினின் சிஎஸ்-1 பகுதியையும் பற்றும்.

அசையாத தட்டில் செய்யப்படும் சோதனை இவற்றுள் கடைசிக் கட்டத்தை மட்டுமே அளக்கிறது. எல்-செலக்டின் முழுவதும் உதிர்ந்துபோன செல்கூட அத்தகைய தட்டில் நன்றாக ஒட்டும். எனவே "ஒட்டுதல் மாறவில்லை" என்ற முடிவு எந்தப் பரப்பில், எந்த ஓட்டத்தில் என்பதைச் சொல்லாமல் பொருள்படாது.

படி 1: உறையவைக்கும் முன்பே ஒப்பீட்டை வகுத்தல்

இந்தச் சோதனையில் பெரும்பாலான பிழைகள் உறைவிப்பானில் நேர்வதில்லை, திட்டத்தாளிலேயே நேர்ந்துவிடுகின்றன. ஒரே கொடையாளரின் மாதிரியை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியைப் புதிதாகவும் மறு பகுதியை உறைந்து மீண்டதாகவும் அளக்க வேண்டும். கொடையாளருக்குக் கொடையாளர் வேறுபாடு பெரிதாக இருப்பதால், ஐவரின் புதிய மாதிரிகளை வேறு ஐவரின் உறைந்த மாதிரிகளோடு ஒப்பிடுவது எதையும் நிறுவாது. மூலமும் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஜி-சிஎஸ்எஃப் என்னும் வளர்ச்சிக் காரணியைக் கொடுத்து இரத்த ஓட்டத்துக்குள் வரவழைக்கப்பட்ட செல்களில் விஎல்ஏ-4 மஜ்ஜைச் செல்களைவிடக் குறைவாக இருப்பது இயல்பு. அந்தச் செல்கள் மஜ்ஜையின் பிடியிலிருந்து நழுவி வந்தவை அல்லவா.

அடுத்த முடிவு, சிடி34 செல்களைப் பிரித்தெடுப்பது உறைவதற்கு முன்பா, பின்பா என்பது. தொப்புள்கொடி இரத்தத்தின் ஒற்றைக்கரு செல்களில் இவை ஏறத்தாழ 1 சதவீதமே உள்ளன. கலவையாக உறையவைத்துப் பின்னர் சிடி34ஐப் பற்றும் எதிர்ப்பொருள் ஏறிய காந்த மணிகளால் பிரித்தால், இறந்த செல்கள் மணிகளில் தற்செயலாக ஒட்டி விளைவைக் கலங்கடிக்கும். முன்பே பிரித்து உறையவைத்தால் தூய்மை மேம்படும். ஆனால் எண்ணிக்கை சிறிதாக இருப்பதால் ஒவ்வொரு கழுவலிலும் ஏற்படும் இழப்பு உறுத்தும். இரண்டில் எதைத் தேர்ந்தாலும், இரு பிரிவுகளுக்கும் அதே வரிசையைக் கடைப்பிடிக்க வேண்டும். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சிடி34 மூலக்கூறின்மீது எதிர்ப்பொருள் பிணைவதே செல்லுக்குள் சைகை எழுப்பி ஒட்டும் தன்மையைக் கூட்டக்கூடும். பிரித்தெடுத்த உடனே அளக்கப்பட்ட புதிய செல்லையும், பிரித்தெடுத்து மாதங்கள் கழித்து அளக்கப்பட்ட உறைந்த செல்லையும் ஒப்பிடும்போது, உறைதலின் விளைவோடு எதிர்ப்பொருளின் விளைவும் சேர்ந்தே அளக்கப்படுகிறது.

புதிய செல்லும் உறைந்த செல்லும் வேறுவேறு நாள்களில் அளக்கப்படுவது தவிர்க்க முடியாதது. அதனால் ஒவ்வொரு தட்டிலும் ஒரு பொது அளவுகோல் வேண்டும். தொடர்ந்து வளர்ப்பில் வைத்திருக்கும் கேஜி-1ஏ போன்ற ஒரு செல்வரிசையை ஒவ்வொரு முறையும் சில குழிகளில் இட்டு, அன்றைய தட்டின் நடத்தையை அதைக்கொண்டு சரிபார்க்கலாம். கூடவே, உறையாமல் பாதுகாப்பு நீர்மத்தில் மட்டும் அதே நேரம் ஊறிக் கழுவப்பட்ட செல்கள் ஒரு பிரிவாக இருப்பது அவசியம். அது இல்லாவிட்டால் பனியின் விளைவையும் டைமெத்தில் சல்ஃபாக்சைடின், அதாவது டிஎம்எஸ்ஓவின், விளைவையும் பிரிக்க வழியே இல்லை.

படி 2: உறையவைத்தல்

டிஎம்எஸ்ஓ செல்களைப் பனியிலிருந்து காக்கும் என்பதை 1959இல் லவ்லாக்கும் பிஷப்பும் காட்டினர். இரத்த ஸ்டெம் செல்களுக்கு இன்றும் அதுவே அடிப்படை. பொதுவாக 10 சதவீதமும் சில இடங்களில் 5 சதவீதமும் புரதம் கலந்த நீர்மத்தில் பயன்படுகிறது. குளிரும் வேகத்தின் பின்னுள்ள காரணத்தை 1972இல் பீட்டர் மேசரும் உடன் ஆய்வாளர்களும் விளக்கினார்கள். மிக மெதுவாகக் குளிர்ந்தால், வெளியே பனி உருவாகி எஞ்சிய நீரில் உப்பு செறிவடைய, செல் நீரை இழந்து சுருங்கிச் சேதமடையும். மிக வேகமாகக் குளிர்ந்தால், வெளியேற நேரமில்லாத நீர் செல்லுக்குள்ளேயே பனியாகும். இந்த இரண்டுக்கும் இடையே, இரத்த ஸ்டெம் செல்களுக்கு நிமிடத்துக்கு 1 டிகிரி செல்சியஸ் என்ற வேகம் பொருந்துகிறது.

ஒட்டும் திறனைப் பொறுத்தவரை இந்தச் சுருக்கமே கவனத்துக்குரியது. செல் சுருங்கி மறுபடி விரியும்போது சவ்வும், அதன் அடியில் உள்ள ஆக்டின் இழைப்பின்னலும் குலைகின்றன. இன்டக்ரின்கள் அந்தப் பின்னலில் நங்கூரமிட்டவை. மேற்பரப்பில் இன்டக்ரின் எண்ணிக்கை மாறாமல் இருந்தும் பிடிப்பு தளர்வதற்கு இது ஒரு காரணம்.

செய்முறையில், குளிர்ந்த பாதுகாப்பு நீர்மத்தைச் செல்களோடு சொட்டுச் சொட்டாகக் கலந்து, கலந்தபின் தாமதமின்றிக் குளிர்விக்கத் தொடங்க வேண்டும். அறை வெப்பநிலையில் டிஎம்எஸ்ஓவில் கிடக்கும் ஒவ்வொரு நிமிடமும் நச்சுத்தன்மையைக் கூட்டும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் உறைவிப்பான் இருந்தால், பனி உருவாகும் தருணத்தில் வெளிப்படும் உள்ளுறை வெப்பத்தை அது ஈடுகட்டுகிறதா என்று வெப்பநிலை வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஐசோபுரோபனால் உறையிட்ட பெட்டியை மைனஸ் 80 டிகிரி உறைவிப்பானில் வைத்தாலும் ஏறத்தாழ அதே வேகம் கிடைக்கும். மறுநாள் குப்பிகளைத் திரவ நைட்ரஜன் கலத்துக்கு மாற்றிவிட வேண்டும். மைனஸ் 80இல் நீடித்து வைப்பதும், வேறு குப்பியை எடுக்கும்போது இந்தக் குப்பிகளும் சேர்ந்து வெளியே வந்து வந்து போவதும் கண்ணுக்குத் தெரியாத சேதத்தைச் சேர்க்கும். ஒப்பிடப்போகும் குப்பிகள் அனைத்தும் ஏறத்தாழ ஒரே காலம் சேமிப்பில் இருந்திருப்பது நல்லது.

படி 3: உருகவைத்தல்

குப்பியை 37 டிகிரி நீர்த்தொட்டியில் மெல்ல ஆட்டி, ஒரு சிறு பனித்துண்டு மிஞ்சும்போதே எடுத்துவிட வேண்டும். அடுத்த சில நிமிடங்களில்தான் ஒட்டும் திறனின் தலைவிதி பெரும்பாலும் தீர்மானமாகிறது.

செல்லுக்குள் டிஎம்எஸ்ஓ நிறைந்திருக்கும் நிலையில் அதைச் சட்டென ஊடகத்தில் நீர்த்தால், டிஎம்எஸ்ஓ வெளியேறுவதைவிட வேகமாக நீர் உள்ளே பாய்ந்து செல் வீங்கும். அதனால் முதலில் சம அளவு நீர்மத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, சில நிமிடம் விட்டு, பிறகே 10 மடங்கு வரை நீர்க்க வேண்டும். டெக்ஸ்ட்ரான் 40உம் ஆல்புமினும் கலந்த நீர்மம் தொப்புள்கொடி இரத்தத்துக்கு நீண்டகாலமாகப் பயன்படுவது இந்த வீக்கத்தைத் தணிப்பதற்காகவே.

இறந்த செல்களிலிருந்து கசியும் டிஎன்ஏ பசைபோல் செயல்பட்டு உயிருள்ள செல்களைக் கட்டியாக்கும். டிஎன்ஏஸ் என்னும் நொதி அதைக் கரைக்கும். ஆனால் அந்த நொதி வேலை செய்ய மெக்னீசியம் தேவை. கட்டி விழுவதைத் தடுக்க, இத்தகைய அயனிகளைக் கவ்விக்கொள்ளும் இடிடிஏவும் டிஎன்ஏஸும் ஒரே குப்பியில் ஊற்றப்படுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்; ஒன்று மற்றொன்றின் வேலையைக் கெடுக்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல், இன்டக்ரின்களும் கால்சியம், மெக்னீசியம் அயனிகள் இல்லாமல் பற்றமாட்டா என்பது. இடிடிஏவோ, இரத்தம் சேகரித்த பையிலிருந்து வந்த சிட்ரேட்டோ சிறிது எஞ்சியிருந்தாலும், உறைந்த பிரிவு "ஒட்டும் திறன் இழந்ததாக" தோன்றும். இழந்தது அயனிகளை மட்டுமே. கடைசி இரண்டு கழுவல்களைக் கால்சியமும் மெக்னீசியமும் உள்ள உப்பு நீர்மத்தில் செய்துவிட்டால் இந்தப் பொய்ச்சேதி அகலும்.

படி 4: ஓய்வு நேரம்

உருகிய உடனே, இறந்த செல்களில் மட்டும் சாயம் புகும் சாய நீக்கல் முறையில் 90 சதவீதம் உயிர்ப்பு என்று வந்த மாதிரி, மறுநாள் காலையில் வேறு முகம் காட்டும். உறைதலால் தூண்டப்பட்ட திட்டமிட்ட செல் இறப்பு, உருகிய பின் 6 முதல் 24 மணி நேரத்துக்குள் மெதுவாக வெளிப்படுவதே இதற்குக் காரணம். அதே நேரத்தில், தப்பிப் பிழைத்த செல்கள் தங்களைச் சரிசெய்துகொள்கின்றன. எல்-செலக்டின் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. செல் அழுத்தத்துக்கு உள்ளாகும்போது ஆடம்17 என்னும் நொதி அந்த மூலக்கூறை மேற்பரப்பிலிருந்து வெட்டி உதிர்த்துவிடும். உறைந்து மீண்ட செல்களில் அதன் அளவு வீழ்வது பலமுறை காணப்பட்டது. செல் உயிர்ப்போடு இருந்தால், 37 டிகிரியில் வைத்திருக்கும்போது புதிய மூலக்கூறுகளை உருவாக்கி மேற்பரப்புக்கு அனுப்பும். சிஎக்ஸ்சிஆர்4உம் அசையாத எண் அல்ல. ஸ்டெம் செல் காரணியும் இன்டர்லூக்கின்-6உம் உள்ள ஊடகத்தில் சில பத்து மணி நேரம் வைத்தால், தொப்புள்கொடி சிடி34 செல்களில் அது உயர்கிறது.

எனவே ஒற்றை நேரத்தில் அளப்பது போதாது. உருகிய உடன், 2 மணி நேரம் கழித்து, ஓரிரவு கழித்து என மூன்று அளவீடுகள் வைத்துக்கொள்வதை நான் பரிந்துரைப்பேன். புதிய பிரிவும் அதே ஊடகத்தில் அதே நேரம் ஓய்வெடுத்திருக்க வேண்டும். இதை விட்டுவிட்டால், ஓரிரவு வளர்ப்பின் விளைவை உறைதலின் விளைவு என்று பெயரிட்டுவிடுவோம். ஓரிரவு அளவீட்டில் இன்னொரு பொறியும் உண்டு: பலவீனமானவை இறந்துபோக, வலியவை மட்டும் எஞ்சி சதவீதத்தை உயர்த்திக் காட்டும். தொடக்கத்தில் இட்ட செல்களில் எத்தனை மீண்டன என்பதையும் சேர்த்து எழுதினால் தவிர இந்த ஏற்றம் மீட்சியா, வடிகட்டலா என்று சொல்ல முடியாது.

படி 5: வளர்ப்புச் சூழலின் மாறிகள்

செல்களுக்குச் சைகை தரும் புரதங்களான சைட்டோகைன்களே இவற்றுள் முதன்மையானவை. ஸ்டெம் செல் காரணி, எஃப்எல்டி3 லிகண்ட், திராம்போபாயட்டின் என்ற மூன்றும் மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம் அளவில் சேர்ப்பது வழக்கமான கலவை. இவை இரண்டு வேறு கால அளவுகளில் வேலை செய்கின்றன. ஸ்டெம் செல் காரணி சேர்த்த சில நிமிடங்களிலேயே, மேற்பரப்பில் ஒரு மூலக்கூறுகூடக் கூடாமல், விஎல்ஏ-4உம் விஎல்ஏ-5உம் தற்காலிகமாகச் செயலூக்கம் பெற்று ஃபைப்ரோனெக்டினை இறுகப் பற்றுகின்றன; சுமார் இரண்டு மணி நேரத்தில் அது தணிந்துவிடுகிறது. நாள்கணக்கில் நீடித்தால் செல்கள் ஓய்வு நிலையை விட்டுப் பிரியத் தொடங்கி, ஒட்டு மூலக்கூறுகளின் கலவையே மாறுகிறது. பிரியும் கட்டத்தில் உள்ள செல்கள் மாற்றுக்குப் பின் மஜ்ஜையில் வேரூன்றுவதில் பின்தங்குவது அறியப்பட்ட ஒன்று. ஆகவே சோதனைக்குச் சற்று முன் ஊடகத்தைப் புதுப்பிப்பது கூடாது. புதுப்பித்தே ஆக வேண்டுமானால், எத்தனை நிமிடங்களுக்கு முன் என்பது எல்லாப் பிரிவுகளிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

சீரம் பலர் நினைப்பதைவிட அதிகக் குறும்பு செய்யும். அதில் ஃபைப்ரோனெக்டினும் விட்ரோனெக்டினும் கரைந்திருக்கின்றன. அவை செல்லின் இன்டக்ரின்களை முன்கூட்டியே நிரப்பிவிடும், வெற்றுப் பிளாஸ்டிக்கிலும் படிந்து பின்னணி எண்ணை உயர்த்தும். கூடவே அதிலுள்ள டிபிபி-4 நொதி சிஎக்ஸ்சிஎல்12ஐத் துண்டாக்கிச் செயலிழக்கச் செய்யும். வளர்ப்பில் சீரம் தேவைப்பட்டாலும், அளவீட்டின்போது ஆல்புமின் மட்டும் உள்ள ஊடகத்துக்கு மாறிவிடுவதே தெளிவு.

வெப்பநிலையின் பங்கை ஒரு மருத்துவ ஆய்வு நன்கு உணர்த்தியது. தொப்புள்கொடிச் செல்களை மாற்றுக்கு முன் புரோஸ்டகிளாண்டின் இ2இன் நிலைத்த வடிவத்தில் ஊறவைத்த அந்த ஆய்வில், முதலில் 4 டிகிரியில் 60 நிமிடம் வைத்தது பயனளிக்கவில்லை. அதே 10 மைக்ரோமோலார் அளவில் 37 டிகிரியில் 120 நிமிடமாக மாற்றிய பிறகே எதிர்பார்த்த உயிரியல் விளைவு தெரிந்தது. 2013இல் வெளியான அந்த முடிவு, மருந்தின் அளவைக் குறித்துவைக்கும் அக்கறையோடு வெப்பநிலையையும் நிமிடங்களையும் குறித்துவைக்க வேண்டும் என்பதற்கு நல்ல சான்று.

ஆக்சிஜனைப் பொறுத்தவரை, மஜ்ஜை குறைந்த ஆக்சிஜன் சூழல். காற்றின் ஆக்சிஜன் ஏறத்தாழ 21 சதவீதம். குறைந்த ஆக்சிஜனில் நிலைபெறும் எச்ஐஎஃப்-1 காரணி சிஎக்ஸ்சிஆர்4 மரபணுவைத் தூண்டுவதால், 5 சதவீத ஆக்சிஜனில் வளர்த்ததும் திறந்த காற்றில் வளர்த்ததும் ஒரே தொடக்கப் புள்ளியில் நிற்பவையல்ல. பெட்டியின் கதவைத் திறந்து மூடும் நேரம்கூட இங்கே கணக்கில் சேரும்.

வளர்ப்புத் தட்டிலிருந்து செல்களை எடுக்கும் முறையும் ஒரு மாறியே. டிரிப்சின் என்னும் நொதி மேற்பரப்புப் புரதங்களை வெட்டும். பெரும்பாலான சிடி34 செல்கள் மிதந்தே வளர்வதால் மென்மையாகப் பிப்பெட்டால் அலசினால் போதும். ஃபைப்ரோனெக்டின் துண்டு பூசிய பரப்பில் வளர்த்தவற்றுக்கு இடிடிஏ நீர்மம் தேவைப்படும். அதன்பின் அயனிகளை மீட்டுக் கொடுக்க மறக்கக் கூடாது. மிதந்தவற்றை மட்டும் எடுத்து அளந்தால், நன்றாக ஒட்டும் செல்களைத் தட்டிலேயே விட்டுவந்து ஒட்டும் திறனை அளந்ததாகிவிடும்.

படி 6: ஒட்டுதல் சோதனை

96 குழித் தட்டில், மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் ஃபைப்ரோனெக்டினை இட்டு, 4 டிகிரியில் ஓரிரவு வைத்துப் பூசவும். மற்றொரு வரிசைக்கு விகேம்-1, இன்னொன்றுக்கு ஆல்புமின் மட்டும். பிறகு எல்லாக் குழிகளையும் 1 சதவீத ஆல்புமினால் ஒரு மணி நேரம் அடைக்கவும். செல்களில், உயிருள்ளவற்றில் மட்டும் ஒளிரும் கால்சீன்-ஏஎம் சாயத்தை ஏற்றி, இட்ட மொத்த ஒளிர்வை முதலில் அளந்து, 37 டிகிரியில் 30 முதல் 60 நிமிடம் விட்டு, கழுவி, மீண்டும் அளக்கவும். கழுவும் விசை கைக்குக் கை மாறும். ஒரே ஆள் ஒரே வேகத்தில் கழுவுவதோ, தட்டை நிரப்பி மூடிக் கவிழ்த்து மெல்லச் சுழற்றுவதோ மேல்.

மூன்று நிகழ்வுகளைப் பிரிப்பது கட்டுப்பாட்டுக் குழிகள்தாம். 1 மில்லிமோலார் மாங்கனீசு சேர்த்தால், செல்லுக்குள்ளிருந்து சைகை வராமலே இன்டக்ரின்கள் வெளியிலிருந்து நிமிர்த்தப்படும். மாங்கனீசில் உறைந்த செல்லும் புதிய செல்லும் சமமாக ஒட்டி, மாங்கனீசு இல்லாதபோது உறைந்தது பின்தங்கினால், மூலக்கூறு இருக்கிறது, அதை எழுப்பும் உள்சைகை தளர்ந்திருக்கிறது என்று படிக்கலாம். மாங்கனீசிலும் பின்தங்கினால், மூலக்கூறின் எண்ணிக்கையையோ ஆக்டின் பின்னலின் நிலையையோ சந்தேகிக்க வேண்டும். செல்களை ஒவ்வொன்றாக லேசரால் அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில், முறையே விஎல்ஏ-4, விஎல்ஏ-5 ஆகியவற்றின் பகுதிகளான சிடி49டி, சிடி49இ அளவுகளைப் பார்த்து முடிவு செய்யலாம். இடிடிஏ இட்ட குழியும் விஎல்ஏ-4ஐ மறிக்கும் எதிர்ப்பொருள் இட்ட குழியும், ஒட்டியது உண்மையிலேயே இன்டக்ரின் வழியாகத்தானா என்பதைச் சொல்லும்.

படி 7: கணக்கு

ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். புதிய மாதிரியில் இட்ட 100 செல்களும் உயிருள்ளவை, 40 ஒட்டின. உறைந்த மாதிரியில் இட்ட 100இல் 75 மட்டுமே உயிருள்ளவை. உயிருள்ளவற்றில் 30 ஒட்டின. மொத்தத்தால் வகுத்தால் 40 சதவீதம் 30 ஆகச் சரிந்தது. உயிருள்ளவற்றால் வகுத்தால் 30/75, அதாவது அதே 40 சதவீதம். ஒட்டும் திறனில் மாற்றமே இல்லை. டிஎன்ஏவில் படியும் சாயத்தைக் கொண்டு எண்ணினால் பிழை எதிர்த்திசையில் போகும். இறந்த செல்கள் எந்தப் பரப்பிலும் ஒட்டிக்கொள்வதால் உறைந்த மாதிரி கூடுதலாக ஒட்டியதாகத் தெரியும். ஆல்புமின் குழியின் எண்ணை ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியே கழிக்க வேண்டியது இதனால்தான். கால்சீன் காயம்பட்ட சவ்வு வழியே கசிவதால், கழுவாத ஒரு குழியை இறுதிவரை வைத்திருந்து கசிவையும் திருத்திக்கொள்ளுங்கள்.

புள்ளியியலில் ஒரே விதி: மாதிரி எண்ணிக்கை என்பது கொடையாளர் எண்ணிக்கை. ஒரே கொடையாளரின் ஆறு குழிகள் ஆறு சான்றுகள் ஆகா. அவற்றின் சராசரி ஒரு சான்று. புதிது, உறைந்தது என்ற இணைகளை இணைகளாகவே ஒப்பிட வேண்டும்.

படி 8: தட்டுக்கு அப்பால்

செலக்டின் சார்ந்த கேள்விகளுக்கு, இ-செலக்டின் பூசிய ஓட்ட அறையில் செல்களைச் செலுத்தி, உருள்பவற்றை நுண்ணோக்கியில் எண்ண வேண்டும். தொப்புள்கொடிச் செல்களில் செலக்டினைப் பிடிக்கும் சர்க்கரைக் கிளையில் ஃபியூக்கோஸ் என்னும் சர்க்கரை குறைவு என்பதும், நொதியால் அதைச் சேர்த்தால் பிடிப்பு மேம்படுகிறது என்பதும் அசையாத ஃபைப்ரோனெக்டின் தட்டில் ஒருபோதும் தென்படாத உண்மைகள்.

இறுதியாக, ஒட்டிய செல்கள் யார் என்று கேட்க வேண்டும். வளர்ப்பில் சில நாள் இருந்த பிறகு சிடி34 அடையாளம் ஸ்டெம் செல்லுக்கு உறுதியான முத்திரையல்ல. ஒட்டியவற்றையும் ஒட்டாதவற்றையும் தனித்தனியே மீட்டு மெத்தில்செல்லுலோஸ் என்னும் கூழ்போன்ற ஊடகத்தில் 14 நாள் வளர்த்து, ஒவ்வொரு செல்லிலிருந்தும் பெருகிய குடும்பக் கூட்டங்களை எண்ணுங்கள். இயன்றால் 5 வாரம் நீளும் நீண்டகால வளர்ப்பிலும் ஒரு பங்கை இடுங்கள். உறைந்த மாதிரியில் ஒட்டிய சதவீதம் குறைந்தும், கூட்டம் தரும் செல்களில் ஒட்டியவற்றின் பங்கு புதிய மாதிரியின் அளவிலேயே நின்றால், சரிவு முதிர்ந்த செல்களைச் சேர்ந்தது, மூதாதைச் செல்களைச் சேர்ந்ததல்ல என்று அப்போது எழுதலாம்.